நடுகல் மரபும் கடை வீடியோவும்: கடத்தூர்ச் சான்றுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

முன்னுரை

இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை. இப்படித் தொடங்குவது ஆய்வுக் கட்டுரை மரபு. ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது மரபன்று. ஆகவே தேடவில்லை.

இக்கட்டுரையின் சுருக்கம் ஒரு கருத்தரங்கத்துக்கு அனுப்பப்பட்டது. பதிவுக் கட்டணம் கட்டினால் படிக்காமலே ஏற்றுக்கொள்வதாக மறுநாளே பதில் வந்தது. கட்டியவர்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஒரு தொகுப்பும் மதியச் சாப்பாட்டு டோக்கன் ஒன்றும் உண்டு. தொகுப்பைப் பிறகு யாரும் திறப்பதில்லை. டோக்கனை யாரும் தொலைப்பதில்லை.

ஆய்வு எல்லை: தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், கடத்தூர் பேரூராட்சி. திருப்பூர் மாவட்டத்தில் அமராவதிக் கரையில் அர்ச்சுனேசுவரர் கோயிலோடு ஒரு கடத்தூர் இருக்கிறது. அது வேறு, இது வேறு. ‘கடம்’ என்றால் காடு, ஆகவே காட்டூர்தான் கடத்தூர் ஆயிற்று என்பர் ஒரு சாரார். ‘ஒரு சாரார்’ என்பது எங்கள் பெரியம்மா (வாய்மொழி). நாளைக்கு, நாளன்றைக்கு என்று நாள் கடத்துவதால் கடத்தூர் என்பது என் துணிபு. வீடியோ எடிட்டரிடம் வேலை கொடுத்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள்.

ஆய்வுப்பொருள்: பஸ் ஸ்டாண்டு பக்கம் என் மாமா நடத்தும் கட்டில், பீரோ, சீர்வரிசைக் கடைக்காக எடுக்கப்பட்ட 30 விநாடி வீடியோ.

கருதுகோள்: கடைக்கு வீடியோ எடுப்பதும் வீரனுக்குக் கல் நடுவதும் ஒன்றே.

சிரிக்க வேண்டாம். தருமபுரிக்காரனுக்கு நடுகல் தெரியாமல் இருக்காது. ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் அவை நிற்கும். ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ விழுந்தவனுக்கு நட்ட கல். நடுவே ஓர் ஆள், கையில் ஆயுதம். மேலே எழுத்து: எந்த அரசன், எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் மகன், என்ன செய்தான். கடை வீடியோவிலும் நடுவே ஓர் ஆள், கையில் செல்போன். மேலே எழுத்து: எந்த ஊர், எதற்கு எதிரில், யார் மகன், எத்தனை வருடப் பாரம்பரியம். வேறுபாடு ஒன்றுதான். நடுகல்லுக்கு ஆள் முழுதாகச் செத்திருக்க வேண்டும். வீடியோவுக்கு எடிட்டர் பாதி செத்தால் போதும்.

கல் எடுப்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. சிலப்பதிகார வஞ்சிக் காண்டம் இவற்றில் ஐந்துக்குக் காதை வைத்து, பெரும்படையை விட்டுவிட்டு, இறுதியில் வரந்தரு காதை என்று ஒன்றைச் சேர்க்கிறது. ஏன் விட்டது, ஏன் சேர்த்தது என்று கேட்டு இருவர் முனைவர் பட்டம் வாங்கலாம். எதிரெதிர் விடை சொல்லியே இருவரும் வாங்கலாம்.

காட்சி

காட்சி என்பது தகுந்த கல்லைக் கண்டெடுத்தல். வீடியோவில் இது கல்யாணப் பந்தியில் நிகழ்கிறது. மாமாவின் பங்காளி ஒருவர் அரூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த வீடியோவை ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் இடையே மாமா கண்டார். மோருக்கு நில்லாமல் எழுந்தார். (பந்திச் சான்று, பக்கத்து இலைக்காரர் உறுதி செய்கிறார்.)

இங்கே வரலாற்றுப் பின்புலம் தேவை. டூரிங் டாக்கீஸ் காலத்தில் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு போடுவார்கள்: ஜவுளிக் கடை, பல் ஆஸ்பத்திரி, புகையிலை. அதில் முதலாளியின் பெயர்தான் வரும், முகம் வராது. முகம் தொலைக்காட்சியோடு வந்தது. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் தாமே கேமரா முன்னால் நின்று செய்கூலி, சேதாரம் பேசினார். லெஜண்ட் சரவணா ஸ்டோர்ஸ் அருள் சரவணன், ஜேடி-ஜெர்ரி இயக்கத்தில் ஹன்சிகா, தமன்னாவோடு விளம்பரங்களில் வந்தார். அதே இயக்குநர்கள் எடுத்த ‘தி லெஜண்ட்’ படத்தில் 2022 ஜூலை 28 அன்று கதாநாயகனாகவே வந்துவிட்டார். அந்த ஜூலையோடு தமிழ்நாட்டில் எந்தக் கடை முதலாளிக்கும் கூச்சம் போய்விட்டது என்பது என் கணிப்பு. இதற்குச் சான்று கேட்பவர்கள் மாமாவைப் பார்க்கலாம்.

வீடியோ எடுக்கப் பொம்மிடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்யாண போட்டோகிராபர். நல்ல பையன், கேட்க வேண்டியதைத்தான் முதலில் கேட்டான்.

“யார் பாக்கணும்ணா இத?”

“எல்லாரும் பாக்கணும் தம்பி.”

“எல்லாருமா?”

“அரூர்ல முக்கியமா பாக்கணும்.”

வீடியோத் தொழிலின் பாதி அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. அதற்குச் சரியான பதில் கிடைத்தால் மிச்சம் தானாக அமையும். கடத்தூர்ப் பக்கம் பீரோ வாங்குகிறவர் பெண்ணைப் பெற்றவர், ஐம்பது தாண்டியவர். முகூர்த்தத் தேதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர். தகடு 20 கேஜா 22 கேஜா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்வார். உள்லாக்கர் உண்டா, மாப்பிள்ளை வீடு மொரப்பூரில் என்றால் டெலிவரி உண்டா, வண்டி வாடகை யார் தலையில், இவ்வளவுதான். இதை நான்கு வரியாக எழுதி 30 விநாடியில் சொல்லிவிடலாம். தம்பி எழுதியும் காட்டினான். மாமா மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“நல்லாருக்கு. இதுல நான் எங்க வர்றேன்?”

கல்லைப் பார்ப்பவனுக்காகக் கல் நடுவதில்லை. நடப்படுகிறவனுக்காகவே நடுகிறார்கள். கருதுகோள் இங்கேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் பக்க அளவு இன்னும் வரவில்லை.

கால்கோள்

அட்வான்ஸ் கைமாறியது. வெற்றிலை விளையும் ஊர் என்பதால் வெற்றிலை மேல் வைத்துக் கொடுக்கப்பட்டது. “பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும்ணா” என்றான் தம்பி, “பில்லு எதுக்குத் தம்பி நமக்குள்ள” என்றார் மாமா. செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனகவிசயர் தலையில் ஏற்றி வந்தான். லைட்டும் ஸ்டாண்டும் தம்பியின் அசிஸ்டெண்டு தலையில் ஏறி பஸ்ஸில் வந்தன.

நீர்ப்படை

கல்லை நீராட்டுதல். செங்குட்டுவனுக்குக் கங்கை. மாமாவுக்குப் பேரூராட்சிக் குழாயில் தண்ணீர் விடும் நாள் பார்த்து ஷூட்டிங் வைக்கப்பட்டது. விடியற்காலையில் வாசல் கழுவி, பீரோக்களை ஈரத்துணியால் துடைத்து, கட்டில்களின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதா வேண்டாமா என்று அத்தையும் மாமாவும் அரை மணி நேரம் வழக்காடினார்கள். பிரித்தால் தூசி, பிரிக்காவிட்டால் லைட் அடிக்கும். பாதி பிரிக்கப்பட்டது.

அடுத்து எழுந்தது திசைச் சிக்கல். செல்போனில் பார்ப்பதற்கு நெட்டுவாக்கில், 9க்கு 16 என்ற கணக்கில் எடுக்க வேண்டும். டிவிக்கும் யூடியூபுக்கும் படுக்கைவாக்கில், 16க்கு 9. இதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள் பிறகு அழுவார்கள். நம் கடையில் பீரோ நின்ற கோலம், நாற்காலி இருந்த கோலம், கட்டில் கிடந்த கோலம். நெட்டுவாக்கில் எடுத்தால் கட்டிலுக்குத் தலைமாடு இருக்கும், கால்மாடு போய்விடும். படுக்கைவாக்கில் எடுத்தால் பீரோ தீப்பெட்டிபோல் தெரியும். மூன்று கோலத்தையும் ஒரே சன்னிதியில் சேவிக்க முடியாது என்று தம்பி சொன்னதை மாமா ஏற்கவில்லை.

ட்ரோன்: மேலிருந்து எடுத்ததில் தகரக் கூரையும் சின்டெக்ஸ் தொட்டியும் தெரிந்தன.

கண்ணாடி: பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் தம்பி அதில் விழுந்தான். மூன்றாவது பீரோவில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தான். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்தத் தரவு பின்னால் தேவைப்படும்.

இனி முதலாளி நடந்து வரும் காட்சி. இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. வாசலிலிருந்து கல்லா வரை பதினோரு அடி. மாமா தினமும் நாலே எட்டில் கடப்பார். ஸ்லோ மோஷனில் அது ஒன்பது விநாடி ஆனது. முப்பதில் ஒன்பது. வலது கையால் இடது முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டே வர வேண்டும், கூலிங் கிளாஸை எடுத்துப் பையில் வைக்க வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது, கடைசியில் பார்க்க வேண்டும். மூன்று முறை எடுத்தார்கள். மூன்று பிரதிகள் கிடைக்கின்றன. இவற்றை வகைப்படுத்துவதில்தான் அறிஞர்களின் துணை தேவைப்படுகிறது.

1895இல் பிரான்சில் லியோன் நகரத்தில் லூமியர் சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்து, ஆட்கள் வேலை முடிந்து வெளியே வருவதைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு திரையிட்டதில் அதுவும் உண்டு. சினிமா அங்கே பிறந்தது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவர்கள் செய்த வியாபாரம் போட்டோ பிளேட்டு. முதலாளி, தன் கம்பெனி, தன் வாசல், தன் ஆட்கள்! மாமா எடுத்ததும் வேறென்ன? சினிமா கலையாகப் பிறந்து வியாபாரமாகச் சீரழிந்தது என்று மேடைதோறும் வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது கடை வீடியோவாகத்தான் பிறந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் படத்துக்கும் மூன்று பிரதிகள் இருக்கின்றன. சகோதரர்கள் ஒரே காட்சியை மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்கள் தெரியுமா? வாசலில் வரும் வண்டியை வைத்து: ஒற்றைக் குதிரைப் பிரதி, இரட்டைக் குதிரைப் பிரதி, குதிரையில்லாப் பிரதி. இதை நான் கற்பிக்கவில்லை, திரைப்பட வரலாற்றில் உள்ளபடியே சொல்கிறேன். அவ்வழியே நின்று, மாமாவின் மூன்று டேக்குகளையும் கீழ்க்காணுமாறு பகுக்கிறேன்.

ஒற்றை நாய்ப் பாடம்: மாமா வாசற்படி ஏறும்போது, பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பழக்கமான செவலை நாய் அவருக்கு முன்னால் ஏறி, கல்லா வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு, திரும்பிப் போகிறது. நடை இயல்பு. சட்டைக் கை மடிக்கவில்லை. மாமா நாயைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இரட்டை நாய்ப் பாடம்: எதிர்ச் சாரி நாய் ஒன்று இடைச்செருகல். மாமா பாதியில் செருப்பைக் கழற்றுகிறார்.

நாயில்லாப் பாடம்: அசிஸ்டெண்டு குச்சியோடு நிற்கிறான் (நிழல் தெரிகிறது). நாய் வருமோ என்று மாமா கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடக்கிறார். கை மடிப்பு, கூலிங் கிளாஸ் எல்லாம் முறையாக உள்ளன. முகம் பாஸ்போர்ட் போட்டோ.

இவற்றுள் எது மூலபாடம்? நாயில்லாததே மூலம், நாய்கள் பிற்காலத்தவை என்பது மாமா கொள்கை. ஒற்றை நாயே மூலம் என்பது அத்தை: “அதுல ஒண்ணுலதான் நீங்க சிரிச்சிருக்கீங்க.” பெரியம்மா இரு தரப்பையும் மறுத்து ஒரு கருத்துச் சொன்னார் (பெரியம்மா, அடுப்படி, குக்கரின் இரண்டாம் விசிலுக்கு முன்). பின்னர் அதையே திருத்தினார் (மேற்படியார், மேற்படி அடுப்படி, மூன்றாம் விசில், நடுவில் பால் பொங்கியதால் சான்று சிதைந்துள்ளது. சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பியிருக்கிறேன். நிரப்பிய இடத்தைப் பகர அடைப்புக்குறியில் காட்டுவது நேர்மையான பதிப்பாசிரியர் வழக்கம். நான் காட்டவில்லை. இத்துறையில் நான் ஒருவன் மட்டும் அப்படி இல்லை). டீக்கடை பெஞ்சின் மேற்கு முனை அத்தை பக்கம், கிழக்கு முனை நடுநிலை, நடுப்பெஞ்சு கருத்து எதுவும் சொல்லாமல் டீக்குக் காசு கொடுக்காமல் போனது (காண்க: கல்லா நோட்டு, கடன் பக்கம்).

நாயை எதிர்ப்பவர்களுக்கு ஒரு கல்வெட்டுச் சான்று. அரூர் தாண்டிப் போனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் இருக்கிறது. அங்கே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சொல்லும் ஒரு நடுகல் உண்டு. வீரன் கருந்தேவக்கத்தி வில்லோடு நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கல்லில் அதற்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து நின்றதாம். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்திய சிற்பி நாயை ஃபிரேமுக்குள் வைத்தான், எழுத்தும் போட்டான். அந்த வீரனின் மாமனாரோ பங்காளியோ வந்து “நாயை எடுத்துரு” என்று சொல்லியிருந்தால் இன்று அந்தக் கல்லை யார் தேடிப் போவார்கள்? லூமியர் படத்திலும் கூட்டத்துக்கு நடுவே ஒரு நாய் துள்ளுகிறது. குதிரையை எண்ணி மூன்று பிரதியாகப் பகுத்த அறிஞர்கள் நாயைத் தலைப்புக்கு எடுக்காமல் விட்டதற்குக் காரணம் விளங்கவில்லை. குதிரைக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்திருக்கலாம்.

மாமா நாயில்லாப் பாடத்தையே தேர்ந்தார்.

நடுதல்

எடிட்டிங் நாளைக்கு, நாளன்றைக்கு என்று இருபத்தாறு நாள் ஆயிற்று. (ஊர்ப்பெயர்க் காரணத்துக்கு முன்னுரை காண்க.) இதற்குத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை அனுப்பியபோதும் மாமா ஒன்று சேர்த்தார்: குக்கர் வரணும், மிக்ஸி வரணும், ஆடித் தள்ளுபடி வரணும், அப்பா போட்டோவுக்கு மாலை வரணும், போன் நம்பர் பெரிசா வரணும், இன்னும் பெரிசா. கணக்கு மிக எளிது. முப்பது விநாடியில் ஒன்பது நடை, நாலு அப்பா, ஐந்து போன் நம்பர். மிச்சம் பன்னிரண்டு விநாடியில் முப்பத்தெட்டுப் பொருள். ஒரு பீரோவுக்குக் கண் சிமிட்டும் நேரம்தான் கிடைத்தது. கேஜ் எங்கேயும் இல்லை. சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுவதற்கு முன் உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். அவருக்குத் திருத்தக்கதேவர் நேரில் வந்து “இன்னும் நாலு பாட்டு சேத்துக்கலாமா” என்று கேட்கும் தொல்லை இல்லை.

பின்னணி இசைக்கு மாமா இளையராஜா பாட்டைக் கேட்டார். தம்பி மறுத்தான். மேடையில் பாடியதற்காக எஸ்.பி.பி.க்கே 2017இல் வக்கீல் நோட்டீஸ் போனதை நினைவூட்டினான். “எனக்கு ராஜா நோட்டீஸ் அனுப்புவாரா?” என்றார் மாமா. அவர் முகத்தில் பயம் இல்லை. ஆசை இருந்தது. கடைசியில் காப்பிரைட் தொல்லையில்லாத ஏதோ ஒரு வெளிநாட்டு மேளம் போடப்பட்டது. சூறாவளி எச்சரிக்கைபோல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழித்து, வீடியோ நடப்பட்டது.

பெரும்படை

பதினேழு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இளங்கோ இதற்குத் தனிக் காதை வைக்காதது சரிதான்.

வாழ்த்து

கட்டைவிரல்கள் வந்தன. கைகூப்பல்கள் வந்தன. ஒரு சித்தப்பா தவறுதலாக ஆழ்ந்த இரங்கல் படம் போட்டுவிட்டு அழித்தார். நடுகல் கருதுகோளுக்கு இதைவிட வலுவான கள ஆதாரம் எனக்குக் கிடைக்காது. அரூர்ப் பங்காளியின் பெயருக்கு நேரே இரண்டு நீல டிக் விழுந்ததை மாமா எனக்கு மூன்று முறை காட்டினார். “பாத்துட்டான் மாப்ள.” அந்த இரண்டு கோட்டுக்காகத்தான் இத்தனை செலவும் என்றால், கொடுத்த காசு வீண் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

வரந்தரு காதை

ஆறு நாள் கழித்து, மழைக்கு ஒதுங்கிய பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தார். ராமியணஹள்ளிப் பக்கம். மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். தகட்டைத் தட்டிப் பார்த்தார், கேஜ் கேட்டார், லாக்கரைத் திறந்து மூடினார். விலை படிந்தது. பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவரிடம் மாமாவால் அடக்க முடியவில்லை.

“வீடியோ பாத்துட்டுத்தானே வந்தீங்க?”

“எந்த வீடியோ?”

மாமா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நடை வந்தது, அப்பா வந்தார், பீரோக்கள் சிமிட்டின. “மறுபடி ஒருக்கா போடுங்க” என்றார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி போட்டார். மூன்றாம் பீரோ வந்ததும் பெரியவர் விரலால் திரையைத் தொட்டார். படம் நின்றது. கண்ணாடிக்குள் தம்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, சிரத்தையாக நின்றுகொண்டிருந்தான்.

‘வரந்தரு’ என்பதை வரம் + தரு என்று பிரித்துவந்த உரைகளை மறுபரிசீலனை செய்ய இங்கே இடமிருக்கிறது.

“இந்தத் தம்பி எந்த ஊருங்க?” என்றார் பெரியவர். “சின்னவ ஒருத்தி இருக்கறா. ஜாதகம் இருந்தா வாங்கித் தர்றீங்களா?”